பலகையின் காற்று, அடுப்படியின் காற்று

காலையில் கைபேசியைத் திறந்தால் வெயில் எவ்வளவு, மழை வருமா என்பதோடு இன்னொரு எண்ணும் தெரிகிறது: காற்றுத் தரம் 84. பக்கத்தில் பச்சை நிறத்தில் ‘திருப்தி’ என்ற சொல். அதைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறீர்கள். எதிர்த் தெருவில் யாரோ சருகைக் கூட்டிக் கொளுத்தியிருக்கிறார்கள். கண் கரிக்கிறது, தொண்டை கமறுகிறது. எண் பொய் சொல்கிறதா, கண் பொய் சொல்கிறதா?

இரண்டும் பொய் சொல்லவில்லை. கைபேசி சொன்னது வேறோர் இடத்துக் காற்றை, கண் சொன்னது உங்கள் வீட்டு வாசல் காற்றை. இவற்றில் உங்கள் இதயமும் நுரையீரலும் எதைக் கணக்கு வைத்துக்கொள்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேடப் பல ஆண்டு உழைத்தவர்களின் கதை ஹைதராபாத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

84 என்றால் என்ன?

ஹைதராபாத்தில் சனத்நகர், பொல்லாரம், பாசமைலாரம், மிருகக்காட்சி சாலை, பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் வளாகம், மத்தியப் பல்கலைக்கழகம் என்று பல இடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையங்கள் நிற்கின்றன. கைபேசியிலும் காற்றுத் தரப் பலகையிலும் தெரியும் எண்ணுக்கு ஆதாரம் பெரும்பாலும் இவைதாம். அந்த எண் இந்த நிமிடத்துக் காற்றைச் சொல்வதல்ல. தூசியைப் பொறுத்தவரை அது கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. சருகு கொளுத்திய அரை மணி நேரம் அந்தச் சராசரியில் காணாமல் போய்விடும்.

‘திருப்தி’ என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். காற்றில் மிதக்கும் தூசியில் மிகப் பொடியானதை மீநுண் தூசி என்று இந்த நூலில் அழைக்கிறோம். செய்தித்தாள்கள் பிஎம் 2.5 என்று எழுதுவது இதைத்தான். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு, அல்லது அதற்கும் கீழே. தலைமுடியின் தடிமனில் இது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மீநுண் தூசியால் வந்த 84 என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 50 மைக்ரோகிராம் தூசி இருக்கிறது என்று பொருள். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தியாவின் ஒரு நாள் வரம்பு 60. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஒரு நாள் வரம்பு 15. ஒரே காற்று தில்லியின் கணக்கில் தேறிவிடுகிறது, ஜெனீவாவின் கணக்கில் மூன்று மடங்குக்கு மேல் தவறிவிடுகிறது.

தூற்றுவதும் நிறுப்பதும்

தூசியை எப்படி நிறுப்பது? முதலில் பொடியையும் பருவட்டையும் பிரிக்க வேண்டும். களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காற்றோடு பதர் போய்விடும், நெல் காலடியில் விழும். தூசி அளக்கும் கருவியின் வாயிலும் இதுவே நடக்கிறது. உள்ளே இழுக்கப்படும் காற்று ஓரிடத்தில் சட்டென்று வளைந்து திரும்ப வேண்டும். பருத்த துகளால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது, சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். மீநுண் தூசி காற்றோடு சேர்ந்து வளைந்து உள்ளே போய், ஒரு வடிதாளில் படியும்.

அந்த வடிதாள் பெரும்பாலும் டெஃப்லானால் ஆன, காசு போன்ற மெல்லிய வெள்ளை வட்டு. எடை நூறு மில்லிகிராம் சொச்சம். அதைக் கையால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய்ப் பசையே கணக்கைக் கெடுத்துவிடும். இடுக்கியால் எடுத்து, வெப்பமும் ஈரப்பதமும் மாறாத அறையில் ஒரு நாள் வைத்திருந்து, ஒரு மைக்ரோகிராம்வரை காட்டும் தராசில் நிறுக்கிறார்கள். பிறகு களத்துக்குப் போய் 24 மணி நேரம் காற்றை இழுத்துவிட்டுத் திரும்பிய வட்டை அதே அறையில், அதே தராசில் மறுபடி நிறுக்கிறார்கள். கூடிய எடைதான் தூசி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் சில வட்டுகளைக் களத்துக்கு எடுத்துச் சென்று, காற்றே இழுக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவருவார்கள். வெறும் வட்டு. அதன் எடையும் கூடியிருந்தால், கூடியது காற்றின் தூசியல்ல, பயணத்தின் அழுக்கு. அந்த அளவை மற்ற எல்லா வட்டுகளின் கணக்கிலிருந்தும் கழித்துவிடுவார்கள். தன் கை அழுக்கை முதலில் கழித்துவிட்டு ஊர் அழுக்கைப் பேசும் இந்த ஒழுக்கத்தை நம்பித்தான் மற்ற எண்கள் எல்லாம் நிற்கின்றன.

விலை மலிந்த சிறு கருவிகள் வேறு வழியில் போகின்றன. ஓட்டு வீட்டில் ஓட்டை வழியே விழும் வெயில் கீற்றில் தூசி மினுங்குமே, அதே தத்துவம்தான்: ஒளியைப் பாய்ச்சி, சிதறுவதை எண்ணுகின்றன. ஹைதராபாத்தின் ஐஐஐடி ஆய்வாளர்கள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே இப்படி 9 கருவிகளை ஐந்து மாதங்களுக்கு மேல் வைத்து, சிறு பரப்புக்குள்ளும் காற்று எப்படி இடத்துக்கிடம் வேறுபடுகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு குறை உண்டு. ஈரமான காலையில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், கருவி அதையும் தூசி என்று எண்ணிவிடும். ஆகவே தராசோடு ஒப்பிட்டுத் திருத்தாத மலிவுக் கருவியை முழுதாக நம்ப முடியாது.

இரண்டு உப்புத்துகள்

இப்போது ஒரு கணக்கு. சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறு பம்பு நிமிடத்துக்கு 2 லிட்டர் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் 2,880 லிட்டர், அதாவது மூன்று கன மீட்டருக்குச் சற்றே குறைவு. காற்றில் தூசி 33 மைக்ரோகிராம் என்றால் வடிதாளில் படிவது சுமார் 95 மைக்ரோகிராம். மேசையில் சிந்திய தூள் உப்பில் ஒரே ஒரு துகளை நகக்கண்ணில் ஒட்டி எடுத்தால் அது ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு நாள் முழுக்க ஓடிய பம்பு பிடித்தது இரண்டு உப்புத்துகள் கூட இல்லை.

நாம் இழுப்பது பம்பைவிட அதிகம். ஓய்வாக இருந்தாலே நாளொன்றுக்கு சுமார் 12,000 லிட்டர். தண்ணீர்க் குடத்தால் அளந்தால் 800 குடம். அதே காற்றில் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் தூசி மூக்குக்குள் போகிறது. ஆறேழு உப்புத்துகள். ஓர் ஆண்டுக்கு 146 மில்லிகிராம், 40 ஆண்டுக்கு ஏறக்குறைய 6 கிராம். ஒரு தேக்கரண்டி உப்பு.

இவ்வளவுதானா? இதில் ஒரு பகுதி வெளிமூச்சோடு திரும்பியும் போய்விடுகிறது. ஒரு தேக்கரண்டித் தூசியா மனிதரைச் சாய்க்கிறது?

விடை எடையில் இல்லை, பரப்பில் இருக்கிறது. ஒரு கட்டியைப் பொடிக்கப் பொடிக்க அதன் வெளிப்பரப்பு கூடிக்கொண்டே போகும். பொடித்த உப்பு சட்டெனக் கரைவது இதனால்தான். அந்த 6 கிராமும் அரை மைக்ரோமீட்டர் உருண்டைகளாக இருந்தால், அவற்றின் மேற்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 48 சதுர மீட்டர் வரும். ஐந்நூறு சதுர அடிக்கும் மேல், ஒரு சிறிய குடும்பம் வாழும் வீட்டின் தரை அளவு. அந்தத் தரை முழுக்கக் கரியும் உலோகச் சுவடும் அமிலமும் பூசியிருக்கிறது. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை அது போய்ச் சேருகிறது. அங்கே உடம்பின் காவல் செல்கள் விழித்துக்கொண்டு அழற்சியை மூட்டுகின்றன. அந்த அழற்சி ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குத் தொடர்பில்லாத இடங்களுக்கும் பயணப்படுகிறது.

உப்புமாவில் தொடங்கிய ஆய்வு

எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க வேண்டுமானால், பல ஆயிரம் பேரைப் பல ஆண்டுகளாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி வளர்ந்தார்கள், எங்கே குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் வேண்டும். இப்படி ஒரு கூட்டத்தைப் புதிதாகத் திரட்டுவது எளிதல்ல. ஹைதராபாத்துக்கு அந்த வாய்ப்பு வேறு வழியில் வந்தது.

1987 முதல் 1990 வரை, நகரத்தின் தென்கிழக்கே ரங்காரெட்டி மாவட்டப் பகுதியில் 29 கிராமங்களில், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. அங்கன்வாடித் திட்டம் அப்போது ஊர் ஊராக விரிந்துகொண்டிருந்தது. திட்டம் வந்துவிட்ட 15 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தினமும் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவில் கிண்டிய உப்புமா கிடைத்தது. திட்டம் இன்னும் எட்டாத 14 கிராமங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். 2003–05-இல் ஆய்வாளர்கள் திரும்பிப் போய், வளர்ந்து பதின்வயதில் நின்ற அந்தக் குழந்தைகளை அளந்தார்கள். உப்புமா கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரம் கூடியிருந்தார்கள், அவர்களுடைய ரத்தக்குழாய்களும் சற்று நெகிழ்வாக இருந்தன. பிறகு பெற்றோர், உடன்பிறந்தார் என்று ஆய்வு விரிந்தது. 2010–12-இல் ரத்த அழுத்தம், எலும்பின் கனம், கழுத்துத் தமனியின் தடிமன் எல்லாம் அளந்து பதிவானது.

இந்தப் பதிவேட்டின் மேல்தான் காற்று ஆய்வு வந்து உட்கார்ந்தது. பெயர் ‘சாய்’. தேநீர் அல்ல, தெலங்கானாவில் காற்று மாசும் இதய நலமும் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். தலைமை தாங்கியவர் பார்சிலோனாவைச் சேர்ந்த கேத்ரின் டோன். ஹைதராபாத்தின் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் ஊட்டச்சத்து நிறுவனத்தாரும் லண்டன்காரர்களும் சேர்ந்தார்கள். தூசியளப்பில் கை தேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் சங்கர் சம்பந்தமும் சென்னைப் போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்திலிருந்து சேர்ந்தார்கள்.

காற்று ஆய்வின் களம் 28 கிராமங்கள். வயல், ஏரிக்கரை, செங்கல் சூளை, நகரத்தை நோக்கி ஓடும் சாலை, புதிதாக முளைக்கும் மனைப்பிரிவுகள். நகரமும் அல்லாத கிராமமும் அல்லாத விளிம்பு. பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் விறகும் சுள்ளியும்தான் முதன்மை எரிபொருள்.

வீட்டுக்கு வீடு கருவி வைக்க முடியாது. ஆகவே தேர்ந்த சில இடங்களில் தராசு முறையில் அளந்து, அந்த இடங்களின் சுற்றுப்புறத்தை வரைபடத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் பார்த்தார்கள். இப்படிப்பட்ட மரச்செறிவும் இப்படிப்பட்ட கட்டடச் செறிவும் உள்ள இடத்தில் தூசி இவ்வளவு என்று ஒரு விதி கிடைத்தால், அளக்காத வீட்டுக்கும் மதிப்பிடலாம். இதை நிலம் பார்த்துக் கணித்தல் என்போம். கிணறு வெட்டும் முன் சுற்றிலும் நிற்கும் மரத்தையும் புற்றையும் பார்த்து நீர்மட்டம் சொல்பவரின் வேலையைப் போன்றது. ஆனால் இங்கே கணிப்பு எவ்வளவு தவறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

கிடைத்த ஆண்டுச் சராசரி சுமார் 33 மைக்ரோகிராம். இந்தியாவின் ஆண்டு வரம்பு 40. சட்டப்படி இது நல்ல காற்று.

மார்பில் தொங்கிய கேமரா

வீட்டு வாசலின் காற்று தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் இருப்பவரின் காற்று? சிலரிடம் உடம்போடு தூக்கித் திரியும் தூசிக் கருவியையும், இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ்ஸையும், தானே அடிக்கடி படம் எடுக்கும் சிறு கேமராவையும் கொடுத்தார்கள். கருவியில் தூசி திடீரென ஏறிய நிமிடத்தில் கேமராவில் என்ன தெரிந்தது என்று பார்க்கலாம். அடுப்பா, பீடியா, சாலையா?

அந்த நிமிடங்களில் பெண்களின் படங்களில் அடுப்பும் ஆண்களின் படங்களில் புகையிலைப் புகையும் தெரிந்தன. ஆண்கள் வேலைக்காக வெளியே அலைந்தார்கள், பெண்களின் நாள் பெரும்பாலும் வீட்டையும் அதன் அக்கம்பக்கத்தையும் சுற்றியே முடிந்தது.

ஒருவர் ஒரு நாளில் எங்கெங்கே எவ்வளவு நேரம் எந்தக் காற்றை இழுத்தார் என்ற கூட்டலை மூச்சுக்கணக்கு என்று அழைப்போம். புரிவதற்காக ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். காலையும் மாலையுமாக 2 மணி நேரம் விறகடுப்பு முன்னால் இருக்கிறார். அப்போது தூசி 400. மீதி 22 மணி நேரமும் ஊர்க்காற்றுதான், 33. இரண்டையும் அதனதன் நேரத்தால் பெருக்கினால் 800, 726. கூட்டி 24-ஆல் வகுத்தால் 64. ஊர்ப்பலகை 33 என்று காட்டும் அதே நாளில், அதே ஊரில், அவர் மூச்சில் போனது அதைப்போல் இரண்டு மடங்கு. நாளின் தூசியில் பாதிக்கு மேல் அந்த இரண்டே மணி நேரத்தில் வந்தது. அவர் கணவர் 2 மணி நேரம் பைக்கில் 100 மைக்ரோகிராம் புழுதிச் சாலையில் போய்வந்தார் என்று வைத்தால் அவர் சராசரி 39. ஒரே வீடு, ஒரே பாய், ஒரே ஊர்க்காற்று, இரண்டு கணக்கு.

பலகை தப்புச் சொல்லவில்லை. அடுப்படிப் பக்கம் பலகை வரவே இல்லை, அவ்வளவுதான். நம் நாட்டுக் காற்று விவாதங்களில் தில்லி மூடுபனிக்குக் கிடைக்கும் இடத்தில் நூறில் ஒரு பங்குகூட ஊதுகுழலோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

உடம்பின் பதில்

சாய் ஆய்விலிருந்து 2019-இல் வந்த கட்டுரை 5,531 பேரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தது. குடியிருப்பின் தூசி ஒரு மைக்ரோகிராம் கூடினால், பெண்களின் மேல் அழுத்தம் சராசரியாக 1.4 அலகு கூடியிருந்தது. ஆண்களிடம் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஆண்கள் உறுதியானவர்கள் என்பதல்ல இதன் பொருள். பெண்கள் வீட்டருகேயே இருப்பதால் வீட்டு வாசலின் எண் அவர்கள் மூச்சோடு நெருங்கிப் பொருந்துகிறது, ஊர் சுற்றும் ஆணுக்கு அந்த எண் பொருந்துவதில்லை என்பது ஒரு விளக்கம். 1.4 அலகு ஒரு தனி ஆளுக்கு ஒன்றுமில்லை, மருத்துவர் கவனிக்கவே மாட்டார். ஆனால் ஒரு வட்டாரமே இரண்டு மூன்று அலகு மேலே நகர்ந்தால், விளிம்பில் நிற்கும் எத்தனையோ பேர் நோயாளிகளின் பக்கம் போய்விடுவார்கள்.

2020 ஜனவரியில் வந்த முடிவு பலரை வியக்க வைத்தது. 3,717 பேரின் எலும்பை ஊடுகதிர்ப் படம் எடுத்து அதன் கனிமக் கனத்தைப் பார்த்தார்கள். தூசி 3 மைக்ரோகிராம் கூடிய இடங்களில், இடுப்புப் பக்க முதுகெலும்பில் கனிமம் சராசரியாக 0.57 கிராம் குறைந்திருந்தது. இடுப்பெலும்பிலும் குறைவு தெரிந்தது. மூச்சில் போன தூசி முதுகெலும்பில் கணக்கு எழுதுகிறது. அழற்சி நீடித்தால் எலும்பைக் கரைக்கும் செல்களின் கை ஓங்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த உடலியல்தான்.

அதே ஆய்வில் விறகு எரிக்கும் வீடுகளுக்கும் எலும்புக் கனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. மேலே அவ்வளவு அடுப்படிப் புராணம் பாடிவிட்டு இதை மறைப்பது முறையல்ல. என் கணிப்பு இது: ஊர்க்காற்றை எண்ணாக அளந்தார்கள், அடுப்பையோ விறகா, எரிவாயுவா என்ற கேள்வியால் மட்டும் பிரித்தார்கள். திறந்த முற்றத்து விறகும் ஜன்னலற்ற அறை விறகும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் தரும். அளவுகோல் மொட்டையாக இருந்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியாது.

நகரத்தின் வேறு நிழல் ஏதும் இருக்குமோ?

சந்தேகப்படும் வாசகர் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார். தூசி அதிகமுள்ள ஊர், நகரத்துக்கு நெருங்கிய ஊர். அங்கே பணப்புழக்கம் வேறு, சாப்பாடு வேறு, நடை குறைவு, கவலை அதிகம். அழுத்தம் கூடியது தூசியாலா, பஜ்ஜிக் கடையாலா?

நியாயமான சந்தேகம். ஒன்றின் பழியை இன்னொன்றின் மேல் போட்டுவிடும் இத்தகைய காரணங்களை மறைகாரணி எனலாம். ஆய்வாளர்கள் செய்வது, ஒத்தவரோடு ஒத்தவரை நிறுத்திப் பார்ப்பதுதான். ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே வசதி, ஒரே பழக்கம் உள்ள இருவரில் தூசி மட்டும் வேறுபட்டால் உடம்பில் வித்தியாசம் தெரிகிறதா என்று கணக்குப் போடுகிறார்கள். அதற்குப் பிறகும் தொடர்பு நின்றால் சந்தேகம் மெலிகிறது. முற்றிலும் போவதில்லை. அதனால்தான் வேறு முறையில், வேறு இடத்தில் வரும் முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஹைதராபாத், சென்னை, தில்லி உட்படப் பத்து இந்திய நகரங்களில் 2008 முதல் 2019 வரை நேர்ந்த 36 லட்சம் மரணங்களை நாள்வாரியாகப் பார்த்த ஆய்வு 2024-இல் வந்தது. இங்கே ஊரும் மக்களும் மாறவில்லை, நாள்தான் மாறுகிறது. பஜ்ஜிக் கடையின் மேல் பழி போட இங்கே வழியில்லை. இரண்டு நாள் சராசரித் தூசி 10 மைக்ரோகிராம் கூடினால் அன்றைய மரணங்கள் 1.42 விழுக்காடு கூடின. ஏற்றம் செங்குத்தாக இருந்தது தூசி குறைவான மட்டங்களில்தான். ‘திருப்தி’ என்று பச்சை காட்டும் இடத்தில்.

தமிழ்நாட்டில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டது. தூசி 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை 4 கிராம் குறைந்தது. அப்படியானால் அடுப்பை மாற்றிக் கொடுத்தால் எடை கூட வேண்டுமே? விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலுமாக 3,200 கர்ப்பிணிகளோடு அதையும் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசம். மூச்சுக்கணக்கு நன்றாகவே இறங்கியது: விறகுக்காரர்களிடம் நடுமதிப்பு 71, எரிவாயுக்காரர்களிடம் 24. 2022-இல் வந்த முடிவில் குழந்தைகளின் எடையில் வித்தியாசம் இல்லை. கருவுற்றுச் சில மாதம் கழிந்த பின்தான் அடுப்பு கைக்கு வந்தது, அதற்கு முன் அந்தத் தாய் புகையில் கழித்த ஆண்டுகள் பல. மீதிச் சில மாதத்து நல்ல காற்று அதை ஈடுகட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

தெலங்கானா கிராமங்களில் கழுத்துத் தமனியையும் பார்த்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது தூசி கூடக் கூடத் தமனிச் சுவர் சற்றுத் தடித்திருப்பதாகத் தோன்றியது. ஆனால் தற்செயலாக இருக்கலாம் என்ற வாய்ப்பை அந்த எண்கள் முழுதாக விலக்கவில்லை. 40 வயதைத் தாண்டியவர்களிடம் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது.

1987-க்கும் 1990-க்கும் இடையில் அந்த ஊர்களில் உப்புமா தின்று வளர்ந்த குழந்தைகள் இப்போது அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள்.